இன்னும் ரெண்டு உயிர்

“சுடுண்ணா, சுடு! இடது ஓரத்துல ஒண்ணு இறங்குது பாரு!”

உள்ளறையிலிருந்து வந்த கொழுந்தனின் குரலைக் கேட்டு, துணி மடித்துக்கொண்டிருந்தவள் தன்னையறியாமல் சிரித்தாள். வீட்டில் சத்தம் என்று ஒன்று கேட்டே எத்தனை நாளாயிற்று. கணவரை ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று டாக்டர் சொன்ன பிறகு, இருமல் சத்தத்தைத் தவிர இந்த வீட்டில் எதுவும் கேட்டதில்லை.

போன வாரம்தான் கொழுந்தன் அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியைப் பரணிலிருந்து தேடி எடுத்து வந்தான். அதற்கென்று ஒரு கிழட்டு டிவியையும் தூக்கி வந்தான். கூடவே மூன்று கேசட். மேலே ஒட்டியிருந்த பெயர்கள் எப்போதோ உரிந்து போய், அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் வைத்த பெயர்கள் மட்டும் மிச்சம். மட்டைப் பந்து, செங்கல், பூச்சி.

மேலேயிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் இறங்கும். கீழே ஒரு சின்னப் பீரங்கி. அவ்வளவுதான் ஆட்டம்.

மாத்திரையோடு அறைக்குள் போனாள். தலையணைமேல் சாய்ந்திருந்த கணவரின் கையில் ஜாய்ஸ்டிக்.

“எத்தனை... உயிர்?” வார்த்தை வார்த்தையாகக் கேட்டார்.

“இன்னும் ரெண்டு இருக்குண்ணா. பயப்படாம ஆடு.”

மாத்திரையைக் கட்டிலோரம் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தபோது, காலில் ஏதோ தட்டியது.

ஒயர். கணவரின் கையிலிருந்து இறங்கி வந்த அதன் முனை, எதிலும் செருகாமல் டிவிக்குக் கீழே தரையில் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தனின் மடியில் ஒரு துண்டு. துண்டுக்கடியில் இன்னொரு ஜாய்ஸ்டிக்கை அவன் கை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் இதே கொழுந்தன் சொன்ன கதை ஞாபகம் வந்தது. “உஷாரா இருங்க அண்ணி. சின்ன வயசுல ஒரு லீவு முழுக்க, செருகாத ஜாய்ஸ்டிக்கை என் கையில குடுத்துட்டு, இவன் ஆடிட்டு, ‘நீதான்டா ஜெயிச்ச’ன்னு என்னை ஏமாத்தினவன். இவன் எதைக் குடுத்தாலும் ஒயர் இருக்கான்னு பார்த்து வாங்குங்க!” அன்றைக்கு வீடே சிரித்தது.

“தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க.”

சமையலறைக்கு வந்து நின்றான்.

“ஒயரைப் பார்த்தேன்.”

அவன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“சின்னப் புள்ளையில ஏமாத்தினாரு, சரி. அதுக்காகப் படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷன்கிட்டயா பழி தீர்த்துக்கிறது? பாவம், தான்தான் ஆடறோம்னு நம்பி உக்காந்திருக்காரு.”

“மெதுவா பேசுங்க அண்ணி, கேட்டுடப் போகுது.” கொழுந்தன் கதவைப் பாதி சாத்தினான். “முதல் நாள் செருகித்தான் குடுத்தேன். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. அவனுக்குக் கை நகரல. மூணு உயிரும் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போச்சு. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. முகத்தை மட்டும் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான். லேத்து மெஷின்ல இரும்பைத் தலைமுடி கனத்துக்குச் சீவின கை அண்ணி அது.”

அவள் அடுப்பை அணைத்தாள். எதையாவது செய்ய வேண்டியிருந்தது.

“அவன் அன்னைக்குப் பண்ணினதும் ஏமாத்து இல்ல அண்ணி. எனக்கு ஆடவே வராது. தோத்துட்டுத் தோத்துட்டு அழுவேன். அதான் அப்படிப் பண்ணியிருக்கான். இந்த மரமண்டைக்கு இப்பத்தான் விளங்குது.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது. சத்தியமா சொல்லுங்க, சொல்ல மாட்டீங்கல்ல?”

தலையசைத்தாள். டீயை ஊற்றி நீட்டியபோது அவனை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

பள்ளிக்கூடம் விடும் நேரம். பிள்ளைகளை ஏற்றிவர அவன் வேனை எடுக்க வேண்டும். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாசலிலிருந்தே குரல் கொடுத்தான்.

“வரேண்ணா! உன் ஸ்கோரை நாளைக்கு முந்திக் காட்டறேன் பாரு!”

“கிழிச்ச...” உள்ளேயிருந்து பதில் வந்தது.

வேன் கிளம்பும் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. அவள் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கை அவர் விரல்களிலிருந்து மெல்ல விடுவித்தாள்.

“போயிட்டானா?”

“போயிட்டாருங்க.”

“ஒயர்...”

“எந்த ஒயர்?”

“வெளிய தெரியுது. மடையன்... சரியா மறைக்கல.”

“உங்களுக்கு... எப்பலேர்ந்துங்க தெரியும்?”

அவர் உதட்டோரம் லேசாக இழுத்தது. சிரிப்புதான்.

“அவன் ஆட்டம் எனக்குத் தெரியாதா? எப்பவும் இடது ஓரத்துலேர்ந்துதான்... ஆரம்பிப்பான்.”

மூச்சு வாங்கியது. அவள் நெஞ்சைத் தடவிவிட்டாள். அவர் கண்கள் டிவியின் அடிப்பக்கம் போய் நின்றன.

“அதைப் பின்னால தள்ளி விடு. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா அழுவான். கண்ணைத் துடைச்சு விட... இப்ப எனக்குக் கை வராது.”