நாலு அந்துருண்டை

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"இப்ப வேணாம். இந்த அந்துருண்டை நாலும் காணாம போவட்டும். அன்னிக்குக் கேக்கறேன்."

ஜூன் மாதம் கணக்கு வாத்தியார் இத்ரீஸ் சொன்னது அது. திடப்பொருள் உருகாமலே ஆவியாகும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, அறிவியல் டீச்சர் அஃப்ஷீன் ஆய்வக ஜன்னலில் ஒரு தட்டில் நாலு உருண்டைகளை வைத்திருந்தாள். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? அவர் காதுமடல் அப்படிச் சிவந்திருந்ததே!

மாமல்லபுரத்துக் கடல் காற்றுக்கு இரண்டு மாதம்கூடத் தாங்காது என்றுதான் நினைத்தாள். இதோ நவம்பர். உருண்டைகள் வைத்தது வைத்தபடி கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன.

"டீச்சர், இதுக்கு ஆவியாவ மனசில்ல போல!" என்று பிள்ளைகளே கிண்டல் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இனியும் பொறுக்க முடியாமல் இத்ரீஸை ஆய்வகத்துக்கே வரவழைத்துவிட்டாள். மூலையில் கூட்டிக்கொண்டிருந்த முனியம்மாவைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

"ஞாயித்துக்கெழம என்னைப் பொண்ணு பாக்க வராங்க சார். கேக்க இஷ்டமில்லன்னா வாயால சொல்லுங்க. திருட்டுத்தனமா புது உருண்டை மாத்தி மாத்தி வைக்காதீங்க."

"யா அல்லா! நானா? நீங்கதான் மாத்தறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். 'கேக்காத'ன்னு சொல்லாம சொல்றீங்கன்னு... மூணு மாசமா எனக்கு சோறு எறங்கல டீச்சர்!"

துடைப்பச் சத்தம் நின்றது.

"நான்தான் வச்சேன்" என்றாள் முனியம்மா. "ஒரு பொட்டு ஈரமில்ல, தூளில்ல, அதும்பாட்டுக்கு எளச்சிக்கினே போச்சு. காணோம்னா ரூமு கூட்டற என்னையதான புடிப்பீங்க? அதான் எளைக்க எளைக்க கடையில வாங்கியாந்து வச்சிக்கினு கீறேன்."

இத்ரீஸ் நாலு உருண்டைகளையும் அள்ளித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"முனியம்மா, எடுத்தது நான். நீங்களே சாட்சி" என்றவர், அஃப்ஷீன் பக்கம் திரும்பினார். காதுமடல் சிவந்தது.

"உருண்டை காணாம போச்சு டீச்சர். ஞாயித்துக்கெழம அவங்க வர்றதுக்கு முன்னாடி, எங்கம்மாவ இட்டுக்கினு உங்க வூட்டுக்கு வரட்டா?"