குப்பைமேட்டில் கிடந்தது

"உன் வண்டிய ஒரு நாளைக்குக் குடு மச்சான். பழம் பழுத்து நிக்குது, மழை வேற வருது" என்று நஸ்தாசியா கேட்டே விட்டாள்.

"இரவல் குடுத்துப் பழக்கினா, தினம் காலையில உன் மூஞ்சியிலதான் முழிக்கணும். நம்மால ஆகாது புள்ள" என்றான் வசிலி. அவள் வீட்டு வாசலிலேயே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னான்.

வசிலி அவளுக்கு மாமன் மகன். யூப்பிக் பழங்குடி ஊர்களில் மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் கேலி செய்யாவிட்டால்தான் ஊர் சந்தேகப்படும். ஆனால் கேலி வேறு, கஞ்சத்தனம் வேறு என்பதில் நஸ்தாசியாவுக்குச் சந்தேகமே இல்லை.

சாலையே இல்லாத அலாஸ்கா டன்ட்ராவில் நாலு சக்கர மோட்டார் வண்டி நின்றால் வீடே நின்றுவிடும். கணவனோ மீன்பிடிக் கப்பலில். மழைக்கு முன் காட்டுப்பழம் பறிக்காவிட்டால், பிள்ளைகளுக்குக் குளிர்காலம் முழுவதும் வெறும் மீன்தான்.

அவள் வண்டியில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்பரேட்டரில் தங்கிய தண்ணீர், போன குளிர்காலப் பனியில் உறைந்து அதைப் பிளந்திருந்தது. ஒட்டிய பசையும் போன வாரம் கைவிட்டது.

"குப்பைமேட்டுல போய்த் தேடு. உன்ன மாதிரியே ஏதாவது பழசு கெடக்கும்."

போனாள். குப்பையின் உச்சியில், ஒரு காப்பி டப்பாவுக்குள், மகாராணி போல் கொலுவிருந்தது ஒரு கார்பரேட்டர். குப்பைக்குச் சற்று அதிகப்படியான சுத்தம். ஆனால் வேறு ரக வண்டியுடையது.

"வாய் ரொம்பப் பெருசா இருக்கே" என்று, வாசலுக்குத் திரும்பி வந்து அதை வண்டியில் வைத்துப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"உன்னுத விடவா?" என்றான் வசிலி, கவிழ்த்த வாளியைவிட்டு எழாமலே.

படகு எஞ்சினின் பழைய ரப்பர் குழாயை வெட்டி, கார்பரேட்டரின் பெரிய வாய்க்கும் எஞ்சினின் சின்ன வாய்க்கும் நடுவே மாட்டி, கிளாம்ப் போட்டு முறுக்கினாள். சோக் கம்பி எட்டவில்லை; தூண்டில் நரம்பைக் கட்டி நீட்டினாள். வசிலி ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

வண்டி கிளம்பியது. கரும்புகையைக் கக்கியது.

"என்ன, மீனுக்குப் புகை போடுறியா? உன் கைக்கு வந்ததும் அதுக்கும் தீனி ஜாஸ்தியாயிடுச்சு."

தீனி ஜாஸ்தி. அவனைத் திட்டிக்கொண்டே, உடைந்த பழைய கார்பரேட்டரின் ஜெட்டை, பெட்ரோல் விடும் அந்தச் சின்னத் துளையை, கழற்றி இதில் போட்டாள். பெட்ரோல் குறைந்தது, புகை நின்றது. இப்போது எஞ்சின் கீச்சிட்டது.

"எங்க அத்தை தூங்கறப்ப இதே சத்தந்தான். மூக்கு ஓரமா காத்து ஒழுகும்."

"எங்கம்மாவ இழுக்காத" என்றபடி கிளாம்பை இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள். எஞ்சின் சமர்த்தாக முனகத் தொடங்கியது.

"அது சரி, நீ ஏன் இப்பல்லாம் நடந்தே வர்ற? உக்காந்தா வண்டிக்கு வலிக்குமா?"

"கிளினிக்ல தொப்பையக் குறைக்கச் சொல்லிருக்காங்க."

"தொப்பைக்கு இன்னும் சேதி போகல போலிருக்கு" என்று சொல்லி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறந்தாள்.

மாலையில் வாளிகள் நிறைந்திருந்தன. ஆரஞ்சு நிறப் பழங்கள் தளும்ப, பின்னால் பிள்ளைகள் கத்திப் பாட, அவள் நேராக வசிலி வீட்டுக்கு வண்டியை விட்டாள். ஒரு கஞ்சனின் முகத்துக்கு நேரே எஞ்சினை உறுமவிடுவதில் உள்ள சந்தோஷத்தை எதற்காக விட்டுக்கொடுப்பது?

காற்று, அவன் வண்டியின் மேலிருந்த தார்ப்பாயைத் தூக்கி எறிந்திருந்தது.

எஞ்சின் வாய் திறந்து கிடந்தது. கார்பரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில், தூசி போகாமலிருக்க ஒரு கம்பளிக் காலுறை திணிக்கப்பட்டிருந்தது.

நஸ்தாசியா உறுமலை நிறுத்தினாள்.

வசிலி வெளியே வந்தான். தார்ப்பாயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "என்ன, பழம் விக்க வந்தியா?" என்றான், அவசரமாக.

நன்றி என்ற சொல்லை மாமன் மகனிடம் சொன்னால், அதைவிடப் பெரிய அவமானம் அவனுக்கு இல்லை.

இருந்ததிலேயே பெரிய வாளியைத் தூக்கி அவன் படியில் வைத்தாள்.

"குப்பைமேட்டுல கெடந்துச்சு மச்சான். யாரோ கேணப்பய தூக்கிப் போட்டிருக்கான். சுத்தமாத்தான் இருக்கு, எடுத்துக்க."