இலக்கு வீடு

ராணுவத்தின் புது ஏவுகணை எத்தனை தூரம் பாய்ந்தாலும், கடைசியில் வந்து விழுவது தச்சர் கட்டிய வீட்டின் மேல்தான். ஒவ்வொரு சோதனைக்கும் பொட்டல்வெளியில் ஒரு பலகை வீடு. அதற்கு ஒரே கதவு. வெயிலுக்கு ஆடு மாடு ஒதுங்கியிருக்கும் என்று, கிளம்பும்முன் கதவைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

அன்றும் தட்டினார்.

"இருப்பா, தலை சீவிட்டு வந்துடறேன்."

போன வருடம் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த மகளின் குரல். பள்ளிக்கூட வண்டியை வாசலில் காக்கவைத்துவிட்டுத் தினமும் சொல்வாளே, அதே பேச்சு. கதவைத் திறந்தார். புதுப் பலகை வாசம்தான் இருந்தது. மூலைமுடுக்கெல்லாம் தேடினார்.

"என்னண்ணே, உள்ள யாராச்சும் இருக்காங்களா?" ஜீப்பிலிருந்து டிரைவர் கத்தினான்.

"யாருமில்லப்பா."

ஏவுகணை நூல் பிசகாமல் வந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த சோதனைக்குக் கட்டிய வீட்டைப் பார்க்க வந்த அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தூள்தூளாப் போற வீட்டுக்கு எதுக்குய்யா பின்னாடியும் ஒரு கதவு?"

தச்சர், சின்னக் கை தள்ளினாலும் திறக்கிறதா என்று, சுண்டுவிரலால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.