மார்வின் விற்ற பதினோரு கார்டுகள்

"சார், என்னை உள்ளே வச்சுப் பூட்டிடுங்க."

லூபோக் சீனா காவல் நிலையத்துக்கு இப்படி ஒரு கோரிக்கையோடு இதுவரை யாரும் வந்ததில்லை. சார்ஜன் காந்தன் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மார்வின், தலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், மூச்சு இரைக்க நின்றான்.

டுரியான் துங்காலில் அவன் வீட்டு வாசலில் தொடங்கிய ஓட்டம் அது. மோட்டார் சைக்கிளைக் கிளப்பியபோதே பின்னால் கிட்சன் கேபினட் கடைக்காரி சுசீலாவின் வேன் வந்துவிட்டது. வேனுக்குப் பின்னால் மூன்று கார்கள். வழி நெடுக விளக்கை அடித்து, ஹாரனை அழுத்தி, கல்யாண ஊர்வலம் மாதிரி விடாமல் துரத்தினார்கள். மார்வின் இரண்டு முறை மாதாவை வேண்டிக்கொண்டான். ஒரு குறுக்குச் சந்தில் புகுந்து அவர்களைக் கொஞ்சம் பின்தங்க வைத்தான். மூன்றாவது முறை வேண்டுவதற்குள் காவல் நிலையம் கண்ணில் பட்டது.

"சும்மா வர்றவனையெல்லாம் பூட்ட முடியாது லா," என்றார் காந்தன். "ஏதாவது செஞ்சிருந்தா சொல்லு, எழுதிக்கிறேன்."

செய்யாமலா இருந்தான்?

ஆறு மாதத்துக்கு முன்பு, மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையிலிருந்து ஒரு பெட்டி நிறைய, கம்ப்யூட்டர் திரையில் படம் வரவைக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளை, நாலைந்து வருஷம் ஓடிய பழசுகளை, மார்வின் சல்லிசாக வாங்கினான். பிரஷ் போட்டுத் தேய்த்தான். பளபளவென்று புது அட்டைப்பெட்டியில் அடைத்தான். பிறகு, கம்ப்யூட்டரில் கிட்சன் கேபினட் டிசைன் போடும் கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கினான். அந்தக் கடைகளில் இருந்ததெல்லாம் அவனுடையதைவிடப் பழைய, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் கார்டுகள். ஆனால் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. நன்றாக ஓடுவதை மாற்று என்றால் எவன் மாற்றுவான்?

அதற்காகத்தான் ஒரு கதை கட்டினான். ஏதோ ஒரு வீடியோவில் முதல் அரை நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு, மீதியைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டான். டிசைன் மென்பொருள் கார்டோடு பேசுவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறதாம். கம்பெனி அதை அடைத்துவிட்டுப் புது வழி திறக்கப் போகிறதாம். புது வழி பழைய கார்டுக்குப் புரியாதாம். ஆறு மாதம் கழித்து வரும் ஒன்றாம் தேதியிலிருந்து திரை கறுத்துப் போகுமாம். தேதியும் அவன் கற்பனைதான். தேதி சொன்னால்தானே ஜனங்கள் பயப்படுவார்கள்!

பதினோரு கடைகள் பயந்தன. முதலில் பயந்தது சுசீலா. வாங்காத மற்ற கடைக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை சுசீலா போன் செய்தாள்.

"தம்பி, விடிஞ்சதிலேர்ந்து கடைக்காரங்க போன் மேல போன். ஸ்கிரீன் எல்லாம் கறுத்துப் போச்சாம். நீங்க எங்கேயும் போயிடாதீங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றேன்."

தேய்த்து வைத்த கார்டுகள் ஒட்டுமொத்தமாக மண்டையைப் போட்டுவிட்டன என்று மார்வினுக்குப் புரிந்துவிட்டது. அடிபட்டுச் சாவதைவிடக் கம்பி எண்ணுவது எவ்வளவோ மேல்.

காந்தன் எழுத எழுத அவன் ஒன்றுவிடாமல் கொட்டினான். பழைய கார்டு, புதுப் பெட்டி, பொய்க் கதை, பொய்த் தேதி எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கின. வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நல்லாப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடு. அப்புறம் வேணாம்னா எடுக்க முடியாது."

படிப்பதற்கு ஏது நேரம்? மார்வின் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான். காந்தன் முத்திரையைக் குத்தினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சுசீலா வந்தாள். பின்னால் எட்டுப் பேர். மார்வின் காந்தனின் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான்.

"ஏன் தம்பி இந்த ஓட்டம் ஓடுறீங்க?" என்றாள் சுசீலா, மூச்சு வாங்க. "நீங்க சொன்னபடியே நடந்துருச்சு. தேதிதான் ரெண்டு நாள் முந்திக்கிச்சு. காலையில அப்டேட் வந்துச்சு, பழைய கார்டு அத்தனையும் அவுட். உங்க கார்டு போட்ட பதினோரு கடைதான் ஓடுது. இவங்கெல்லாம் அன்னிக்கு உங்களை நம்பாம அனுப்பினவங்க. கார்டு இன்னும் இருக்கா?"

எட்டுப் பேரும் அவனைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். மார்வினின் கை மெல்ல மேசைப் பக்கம் நீண்டது. காந்தன் அந்தக் காகிதத்தை இழுத்துத் தன் முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மார்வின் தங்கமான பிள்ளை என்று எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்ல அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள்.

அவன் மோசடிக்காரன் என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, அவனே போட்ட கையெழுத்தோடு காந்தனின் முழங்கைக்கு அடியில் இருந்தது.