வேண்டாத சத்தங்கள்

மகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த தணிகை, ஹெட்போனைக் கடை மேஜைமேல் வைத்தான். கணினி ஆட்டத்தில் எதிரியின் காலடி மட்டும் துல்லியமாகக் கேட்கவேண்டுமென்று, கிராபிக்ஸ் கார்டோடு சேர்த்துப் பார்த்துப் பார்த்து வாங்கியது. நீக்கவேண்டிய சத்தங்களை அவனே அதில் பதிந்திருந்தான்: மிக்ஸி, ஹாரன், மகள் ஆதிராவின் அழுகை.

"என்ன தலைவா, அதுக்குள்ள அலுத்துப்போச்சா?" என்று சிரித்தார் கடைக்காரர் மஸ்தான்.

"பாப்பா அழுவுறது கேக்கல பாய்."

"மாட்டியிருந்தா எப்படிக் கேக்கும்? அதுக்குத்தானே வாங்குனீங்க?"

"கழட்டி ஒரு வாரமாச்சு பாய். அவ விழுந்து கெடந்தாக்கூட எனக்குத் தெரியாது. பயமா இருக்கு."

மஸ்தானின் சிரிப்பு நின்றது.

"மொதல்ல புள்ளையத் தூக்குங்க. வந்ததுலேருந்து கத்திக்கிட்டிருக்கு."

தணிகை திரும்பினான். ஆதிரா முகமெல்லாம் கண்ணீராக, வாயை அகலத் திறந்திருந்தாள். கடையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.