கோல்கீப்பரின் அறுபது கோடி

"அறுபது கோடி வச்சிருக்கற உங்களுக்கு நாங்க பேசின சம்பளம் எல்லாம் தூசு அண்ணே! அதனால கமிட்டியில ஒரு முடிவு எடுத்திருக்கோம். நீங்க சம்பளமே வாங்காம, கௌரவப் பயிற்சியாளரா வரணும்!"

கிளப் தலைவர் சொல்லிவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். தன் வீட்டுக் கூடத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பழைய கோல்கீப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடிய காலத்தில் ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூட்டு'.

இந்த வேலையைத்தான் அவர் மலை போல நம்பியிருந்தார். பல் டாக்டர் ஒருவரிடம் மனைவி டைப் அடித்துக் கொண்டுவரும் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவருடைய முட்டிவலி மாத்திரையும் அதில்தான்.

"அறுபது கோடின்னு யார் சொன்னா?"

"உலகமே சொல்லுது!" தலைவர் போனை நீட்டினார்.

ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களின் சொத்து விவரம் போடும் ஏதோ ஓர் இணையதளம். தலைநிறைய முடியோடு அவருடைய இளவயதுப் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் அறுபது கோடி.

போன வாரம் வீட்டுக்காரர் திடீரென்று வாடகையை ஏற்றியதும், எந்தக் காலத்திலோ பார்த்த ஒன்றுவிட்ட மச்சான் லாரி வாங்கக் கடன் கேட்டு வந்து நின்றதும் ஏனென்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஆனாலும் ஒரு கணம் நெஞ்சு நிமிரத்தான் செய்தது. ஆசை யாரை விட்டது! சும்மா தலையை ஆட்டினால் போதும், ஊருக்குப் பெரிய மனிதர். மாதம் பிறக்கும்போதுதான் விழி பிதுங்கும்.

அடுக்களையில் ஒரு டம்ளர் நங்கென்று விழுந்தது. மனைவி தேநீரோடு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"யாரோ வேலைவெட்டி இல்லாதவங்க எழுதினதைப் போய் நம்பிக்கிட்டு..." என்று இழுத்தாள்.

"இந்தத் தன்னடக்கம்தான் அண்ணி உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது! இருக்கறவங்க என்னிக்கு இருக்குன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க?"

மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "உள்ளதைச் சொல்லிடுங்களேன்..." என்றாள், கெஞ்சாத குறையாக.

பூட்டு எழுந்து நின்றார். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் சோறு போகும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, அறுபது கோடியை நான் கண்ணால பார்த்ததே இல்ல. ஆடிச் சம்பாதிச்சது உண்மை. அதுல ரெண்டு தங்கச்சிங்களைக் கரையேத்தினேன். தம்பியைப் படிக்க வச்சேன். மிச்சத்தை முட்டி ஆபரேஷன் முழுங்கிடுச்சு. ஒரு பைனலுக்கு முன்னாடி, ரெண்டு கோல் விட்டுக்குடுங்கன்னு ஒருத்தன் பெட்டியோட வந்தான். அதை வாங்கியிருந்தா நீங்க சொல்ற தொகையில பாதியாவது தேறியிருக்கும். அவனை நான் வாசப்படி ஏறவிடல. இது வாடகை வீடு தம்பி. எனக்குச் சம்பளம் வேணும். வேலை செஞ்சுட்டுக் கூலி கேக்கறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

தலைவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க அண்ணே. இப்படி ஒருத்தர் கத்துக்குடுத்தாத்தான் எங்க பசங்க உருப்படுவாங்க. முதல்ல பேசின அதே சம்பளம். ஒண்ணாந்தேதி மைதானத்துக்கு வந்துடுங்க." கிளம்பும்போது அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பூட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோப்பையை வாங்கிய அன்றுகூட இத்தனை பெருமையாக இருந்ததில்லை என்று தோன்றியது.

"அப்பாடா, பொழைச்சோம்! ஆனா அந்தப் பொய்யை எழுதின ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும். விரலை ஒடிச்சுடறேன்!"

"ஒடிச்சா நாளைக்கு யாருங்க சமைக்கிறது?" என்றாள் மனைவி.

அவர் திறந்த வாய் மூடாமல் திரும்பினார்.

"உங்ககூட ஆடினவங்க பேருக்கு நேரா எல்லாம் கோடி கோடியா இருந்துச்சு. உங்க பேருக்கு நேரா மட்டும் 'ஒன்றும் இல்லை'ன்னு போட்டிருந்தான். கீழேயே 'தவறு இருந்தால் திருத்தவும்'னு இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல, திருத்திட்டேன். முதல்ல நூறு கோடின்னுதாங்க அடிச்சேன்... அப்புறம் உங்களுக்குக் கண்ணு பட்டுடுமேன்னு அறுபதாக் குறைச்சுட்டேன்!"