பத்துக்கு ஏழு

கணப்படுப்பின் உட்சுவரில் ஒரு விரலை இழுத்து, அதைக் கண்மணியின் மூக்குக்கு நேரே நீட்டினாள் விசாலாட்சி.

"இது என்ன?"

"கரிங்கம்மா."

"இங்கிலீஷ்ல?"

கண்மணி கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸூட். புகை போற வழியில ஒட்டுறது ஸூட். பதினோரு வருசமா கேக்குறேன், இன்னும் கல்லு மாதிரி நிக்கிறியே."

கண்மணி நோட்டில் ஒரு கோடு போட்டாள். நாலாவது கோடு.

கொடைக்கானலில் ஒரு பெண்கள் விடுதியை முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவள் விசாலாட்சி. பொதுவாக அழுக்கு என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. எந்த அழுக்கு என்று தெரிந்தால்தானே எதைப் போட்டுத் தேய்ப்பது என்று தெரியும்? அங்கிருந்த துரைசானிகளிடம் கற்றுக்கொண்ட பத்து வார்த்தைகளை, வேலைக்கு வந்த ஒவ்வொருத்தியையும் அறை அறையாக இழுத்துப் போய்க் கேட்பாள். 1952இல் ஓய்வு பெற்று ஏரிக்கு மேலே இந்தச் சின்ன வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. இங்கே அகப்பட்டவள் கண்மணி ஒருத்திதான்.

நோட்டு மட்டும் புதிது. போன மார்கழியில் மகன் சுவாமிநாதன் மதுரையிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. தினம் பத்து வார்த்தை, சரியான ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து அன்றைய கோடுகளைப் பார்ப்பான்.

"பத்துக்கு ஏழாவது வேணும் கண்மணியக்கா. கொறஞ்சா, அப்புறம் உங்களுக்கு இந்த வீட்ல சோலியில்ல" என்று அவன் தணிந்த குரலில்தான் சொன்னான்.

சோலி இல்லை என்றால் பின்பக்கத்து அறையும் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் மேல்மலையில் சொந்த ஊரான போளூருக்குப் போய், தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு பூண்டுக் காட்டில் குனிய வேண்டும். இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியான பஸ்ஸில் அவன் வந்துவிடுவான்.

"இது?" கணப்படுப்புக்குள் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துக் காட்டினாள் விசாலாட்சி.

"நெத்தியில வச்சா விபூதி, தரையில கெடந்தா சாம்பலுங்கம்மா."

"பேச்சுக்குக் கொறச்சலில்ல. இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டும் ஆஷ்தான்டி."

அவள் சிரித்தாள். கண்மணியும் சிரித்துக்கொண்டே ஐந்தாவது கோட்டைப் போட்டாள்.

அடுத்தது ஜன்னல் கம்பி. தடவிய விரல் செம்பழுப்பாக வந்தது.

"துருங்கம்மா."

"இங்கிலீஷ்ல?"

கண்மணி வெளியே பார்த்தாள். மூடுபனி வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. விசாலாட்சி தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நானே சொல்லணுமா? பரீட்சை உனக்கா, எனக்கா?"

கண்மணியின் பென்சில் நோட்டுக்கு மேலேயே நின்றது.

"டஸ்ட்டுடி, டஸ்ட்டு" என்று எரிந்து விழுந்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள் விசாலாட்சி. அங்கே அடுப்பு மேடையில், வெள்ளனே அவளே வைத்த கெட்டில் தண்ணீரெல்லாம் வற்றி, அடி கருகிக் கிடந்தது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. அதைப் பார்க்காதவள் போல் பக்கத்திலிருந்த காப்பி டம்ளரை எடுத்துச் சாய்த்துக் காட்டினாள்.

"மண்டிங்கம்மா" என்றாள் கண்மணி.

விசாலாட்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "போதும். தலைய வலிக்குது" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஐந்து கோடு. கண்மணி வாசலை ஒரு தடவை பார்த்தாள். பழனி மலை இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வெரசாக இன்னும் இரண்டு கோடு போட்டு நோட்டை மூடினாள்.

சுவாமிநாதன் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே நோட்டைக் கேட்டான்.

"ஏழு. போன மாசம் எட்டு இருந்துச்சே?"

"குளிருங்க தம்பி. நாக்கே பொரள மாட்டேங்குது."

"உள்ளபடி போட்ட கோடுதானே?"

"ஆமாங்க தம்பி."

சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். "கெட்டில் ஏன் இப்படிக் கருகிக் கெடக்கு?"

"நான்தாங்க. அடுப்புல வச்சிட்டு மறந்துட்டேன்."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நோட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"சரி. அடுத்த மாசமும் பாப்போம்."

சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். கண்மணி கெட்டிலை மடியில் வைத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். கரி போகவில்லை. அடுத்த மாதம் எத்தனை பொய்க் கோடு போட வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

விசாலாட்சி வந்து பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்து எண்ணினாள். கடைசி இரண்டு கோடுகளில் விரல் தயங்கி நின்றது. பிறகு நோட்டை மூடினாள்.

"பஸ் ஏறிட்டானா?"

"ஏறிட்டாருங்கம்மா."

"என்னையக் கூட்டிட்டுப் போகலியே."

கண்மணியின் கை கெட்டில் மேலேயே நின்றுவிட்டது. விசாலாட்சி இன்னும் கொஞ்சம் குனிந்து, யார் காதிலும் விழக் கூடாது என்பதுபோல் கேட்டாள்:

"அப்ப, இந்த மாசம் நான் பாஸாடி?"